பழைய தொட்டியில் வந்த விருந்தாளி

பழைய பூந்தொட்டி விலைக்கு வருகிறது என்று காதில் விழுந்தால் எனக்கு வீட்டில் கால் நிற்காது. புதுத் தொட்டி ஒன்று வாங்குகிற காசில் பழசு மூன்று கிடைக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த மண்ணுக்குள் என்ன ஒளிந்திருக்கிறதோ என்கிற ஆசைதான். ஒரு தரம் நித்தியகல்யாணி வந்தது. இன்னொரு தரம் சாமந்தியும் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே தொட்டியில் முளைத்தன. யாரோ ஒருத்தி ஆசையாய்த் தண்ணீர் ஊற்றி வளர்த்தது, நம் வீட்டு வாசலில் வந்து தலை நீட்டும்போது மனசுக்கு என்னவோ ஒரு சந்தோஷம். உங்களில் தொட்டி வளர்க்கிறவர்களுக்கு இது புரியும்.

ஆனால் பெயர் தெரியாமல் முளைக்கிறதே, அதை என்ன செய்வது? இந்த இதழில் அதைப்பற்றித்தான் பேசப் போகிறேன். கைக்குழந்தையும் தவழ்கிற குழந்தையும் வீட்டில் வைத்திருக்கிற சகோதரிகள், அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற வருடம் வைகாசிக் கடைசியில், கம்பத்தில் ஒரு குடும்பம் மாற்றலாகி வீட்டைக் காலி செய்தது. மொட்டை மாடியில் ஆறு மண்தொட்டிகள். செடியெல்லாம் காய்ந்து சருகாகி, மண் மட்டும் இறுகிக் கிடந்தது. திராட்சைப் பெட்டி இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய குட்டியானை வண்டியில் ஏற்றிக் காமயகவுண்டன்பட்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். ஆனியில் மேற்கு மலைப் பக்கமிருந்து சாரல் இறங்கியது. ஐந்து தொட்டியில் புல்லும் கீரையும் முளைத்தன. ஆறாவது தொட்டியில் மட்டும் பென்சில் பருமனில் பளபளவென்று ஒரு பச்சைக் குருத்து. நாலு நாளில் ஒரு சாண், பத்து நாளில் முழங்கால் உயரம். விதை முளைத்து இந்த வேகத்தில் வளராது. அடியில் கிழங்கு இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கிழங்கு என்ற சொல் வெளியே வந்ததுதான் தாமதம், தெருவே கூடி ஆளுக்கொரு பெயர் வைத்தது. எதிர்வீட்டு மதினி இலையைப் பார்த்துவிட்டு, "மாங்காய் இஞ்சி மாதிரில்ல இருக்கு மதினி! விடுங்க, தை மாசம் தோண்டி ஊறுகா போட்டுருவோம்" என்றார். பக்கத்து வீட்டு அப்பத்தா, "அடி போங்கடி, இது வள்ளிக்கிழங்கு. எங்க காலத்துல பஞ்சத்துக்கு இதத்தான் அவிச்சுத் தின்னோம்" என்று அடித்துச் சொன்னார். கல்லூரியில் படிக்கிற அவர் பேரன் செல்போனை நீட்டிப் படம் பிடித்தான். முதல் படத்துக்கு லில்லி என்று வந்தது, இரண்டாவதுக்கு இஞ்சி, மூன்றாவதுக்கு மூங்கில். போனைக் குற்றம் சொல்லிப் பிரயோசனமில்லை. பூவில்லாத இளஞ்செடியைக் காட்டினால் படித்த தாவரவியல்காரரே கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொல்வார்.

அந்த அப்பத்தாவின் பேரன் மனைவிக்கு ஒன்றரை வயசில் ஒரு பெண் குழந்தை. மண்ணைக் கண்டால் விடாது, கையில் அகப்பட்டது எல்லாம் வாய்க்குள் போகிற வயசு. எங்கள் வாசல்தான் அதற்கு விளையாட்டுத் திடல். செடிக்குப் பெயர் தெரிகிறவரைக்கும் தொட்டி தரையில் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே மாடிப்படிக்கு மேலே, கதவுக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டேன். மதினிக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஊறுகாய் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

இனி, ஒரு செடியை அடையாளம் காண்பது எப்படி என்று பார்ப்போம். இதற்குப் படிப்பு வேண்டாம். கீரைக்காரியிடம் அரைக்கீரையா சிறுகீரையா என்று பார்த்து வாங்குகிற கண் இருந்தால் போதும்.

முதலில் இலையின் நரம்பைப் பாருங்கள். பூவரசு இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வலை பின்னியது மாதிரி நரம்பு ஓடும். திராட்சை, கத்தரி, செம்பருத்தி எல்லாம் அந்த ஜாதி. நெல், சோளம், இஞ்சி, மஞ்சள், லில்லி இவற்றின் இலையில் நரம்புகள் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். எங்கள் தொட்டிச் செடி இரண்டாவது ஜாதி. வள்ளிக்கிழங்குக் கொடியின் இலை வெற்றிலை மாதிரி அகலமாக, வலை நரம்போடு இருக்கும். சர்க்கரைவள்ளிக் கொடிக்கும் வலை நரம்புதான். ஆகவே அப்பத்தாவின் வள்ளிக்கிழங்கு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

அடுத்தது வாசனை. இலையை விரல் நுனியால் லேசாகக் கசக்கி முகர்ந்து பார்க்கலாம். மாங்காய் இஞ்சியோ மஞ்சளோ என்றால் இலையே வாசம் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் செடியில் வெறும் பச்சைத் தழை வாடைதான். முகர்ந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: நாக்கில் வைத்துப் பார்ப்பது கூடவே கூடாது. "நுனி நாக்கில் ஒரு துளிதானே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கசப்பா துவர்ப்பா என்பதை வைத்து விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது அடையாளம்தான் எங்கள் சந்தேகத்தைப் பாதி தீர்த்தது. செடி இடுப்பு உயரம் வந்ததும் பக்கத்தில் சாத்தியிருந்த துடைப்பக் குச்சியைப் பிடித்துக்கொண்டது. எதனால் பிடித்தது என்று குனிந்து பார்த்தால், இலையின் நுனியே நீண்டு மெலிந்து, காதுச் சுருள் கம்பி மாதிரி சுருண்டு குச்சியைச் சுற்றியிருக்கிறது!

எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பற்றுக்கம்பி ஒன்றும் புதிசில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் திராட்சைக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர்கள். நம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். திராட்சைக் கொடியில் இலை ஒரு பக்கம் என்றால் பற்றுக்கம்பி அதற்கு எதிர்ப் பக்கம், கணுவிலிருந்து புறப்படும். பாகல், பீர்க்கு, புடலை இவற்றில் இலைக்காம்பின் அடிப் பக்கத்திலிருந்து வரும். பட்டாணியில் சின்னச் சின்ன இலைகள் ஜோடி ஜோடியாக வந்து, கடைசியில் கம்பியாக முடியும். காம்பே இல்லாத ஒற்றை இலை, ஈட்டி மாதிரி நீண்டு, நரம்புகள் இணையாக ஓடி, அதன் நுனியே கம்பியாகச் சுருள்வது என்றால், நம் பக்கத்தில் நினைவுக்கு வருகிற செடி ஒன்றே ஒன்றுதான்.

எனக்குப் பெயர் மனசில் வந்துவிட்டது. ஆனாலும் பூ பார்க்காமல் வாய் திறப்பதில்லை என்று இருந்தேன். ஆவணி பிறந்து பத்தாம் நாள் முதல் மொட்டு தலைகீழாகத் தொங்கியது. வெண்டைப் பிஞ்சின் பச்சை. இரண்டு நாளில் ஆறு இதழும் விரிந்து, பின்பக்கமாக மடங்கி மேலே நிமிர்ந்தன. இதழோரம் அப்பளம் பொரிந்த மாதிரி நெளிநெளியாக. முதலில் அடி மஞ்சள், நுனி சிவப்பு. ஒரு வாரம் போவதற்குள் முழுதும் குங்குமச் சிவப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் விளக்குச் சுடர் எரிகிற மாதிரி இருந்தது. மகரந்தக் கம்பிகள் ஆறும் குடைக் கம்பி மாதிரி பக்கவாட்டில் விரிந்து நின்றன. நடுவிலிருக்கும் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, இடுப்பில் கை வைத்தவள் முழங்கை மாதிரி ஒரு பக்கமாக நீண்டிருந்தது. இது ஒன்றே போதும், வேறு எந்தப் பூவோடும் குழப்பிக்கொள்ள முடியாது.

செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப்பூ என்று ஒரு பெயர், கலப்பைக் கிழங்கு என்று ஒரு பெயர், ஊர்ப் பக்கம் கண்வலிக் கிழங்கு. குமுளி தாண்டிக் கேரளத்துக்குப் போனால் மேந்தோன்னி. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் பூக்களில் முதலில் நிற்பது இதுதான். முருகனுக்கு உகந்த பூ என்பார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே தேசிய மலர். 1947-ல் இங்கிலாந்து இளவரசி எலிசபெத் அந்தப் பக்கம் போயிருந்தபோது, இந்தப் பூவின் வடிவத்தில் வைரப் பதக்கம் ஒன்று அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753-ல் இதற்கு வைத்த பெயர் குளோரியோசா சூப்பர்பா. பெயரிலேயே எத்தனை பெருமை பாருங்கள்.

இவ்வளவு புகழ் உள்ள பூவின் கிழங்கையும் விதையையும் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்தச் செடி முழுவதிலும் கோல்ச்சிசின் என்ற விஷம் இருக்கிறது. கிழங்கில் அதிகம், விதையில் அதைவிட அதிகம். நம் உடம்பில் சில இடங்களில் நாள் தவறாமல் புதுசு புதுசாக உயிரணு பிறந்துகொண்டே இருக்க வேண்டும். குடலின் உள்தோல், ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜை, தலைமுடியின் வேர் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். இந்த விஷம் போய் உயிரணு இரண்டாகப் பிரிவதையே நிறுத்திவிடும். அதனால் முதலில் அடி வாங்குவது குடல். தின்ற சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் வயிற்றுவலியும் ஆரம்பிக்கும். நிறையப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சாப்பிட்டதும் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடுவார்கள். பிறகு பேதி வந்ததும் "ஏதோ சேராதது" என்று மோரும் வெந்தயமும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் நாள் கடந்து, சிறுநீரகம், இருதயம், ரத்தம் எல்லாம் பாதிக்கப்பட்டுவிடும். பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரம் போல ஆனதும் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். கண்வலிக் கிழங்கைத் தின்றவருக்கு இப்படி உடம்பு முழுவதும் முடி உதிர்ந்ததை 1966-லேயே இலங்கை மருத்துவர் ஒருவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதி வைத்திருக்கிறார். இலங்கையில் சர்க்கரைவள்ளி என்று நினைத்து இந்தக் கிழங்கை அவித்துத் தின்றவர்கள் உண்டு. அவித்தாலும் பொரித்தாலும் இந்த விஷம் போகாது.

நம் எதிர்வீட்டு மதினியின் மாங்காய் இஞ்சி ஊறுகாயைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவரும் நல்ல மனசோடுதான் சொன்னார். இலையைப் பார்த்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கை நடுங்கிப் போயிற்று. "ஆத்தாடி, ஒரு குடும்பத்தையே முடிச்சிருப்பேனே மதினி" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு டம்ளர் காப்பி போட்டுக் கொடுத்துத்தான் எழுப்பினேன்.

கண்வலிப் பூ என்ற பெயர் எப்படி வந்தது என்றால், இந்தப் பூவை உற்றுப் பார்த்தால் கண்வலி வரும் என்று ஒரு பேச்சு. பார்த்ததால் கண்வலி வராது. நான் தினம் மூன்று வேளை பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது என்பதற்காக எந்தக் கெட்டிக்காரப் பாட்டி கிளப்பிவிட்ட புரளியோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அப்படியிருந்தால் அந்தப் பாட்டிக்கு ஒரு கும்பிடு.

இன்னொரு பழைய வழக்கத்துக்கு மட்டும் கும்பிடு போட முடியாது. பிரசவ வலி எடுப்பதற்கு இந்தக் கிழங்கை அரைத்துத் தொப்புளிலும் உள்ளங்காலிலும் பூசுவது, நாள் தள்ளிப்போனால் உள்ளுக்குக் கொடுப்பது என்று கைவைத்தியம் பேசுகிறவர்கள் சில இடங்களில் உண்டு. பேன் போக இலையைச் சாறு எடுத்துத் தலையில் தேய்க்கிறவர்களும் உண்டு. தாயும் போய்ப் பிள்ளையும் போகிற வைத்தியம் இது. சித்த வைத்தியத்தில் இதற்கு இடம் இருக்கிறது என்றால், அங்கே சுத்தி செய்வதற்கு முறை இருக்கிறது, அளவு இருக்கிறது, படித்த வைத்தியர் இருக்கிறார். நம் வீட்டு அம்மிக்கு அதெல்லாம் தெரியாது. யார் சொன்னாலும், மாமியாரே சொன்னாலும், மறுத்துவிடுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் இந்தச் சனியனை வேரோடு அழித்தால் என்ன?" என்று அந்த இளம் மருமகள் கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அதே கோல்ச்சிசின்தான் அளவாகக் கொடுத்தால் மருந்து. யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூட உயிர் போகிற மாதிரி வலிக்கும் வியாதி இருக்கிறதே, கவுட் என்பார்கள், அதற்கு மாத்திரை இதிலிருந்துதான். அதற்காகவே மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சிப் பக்கம் விவசாயிகள் இதை வயலில் கம்பி கட்டிப் படரவிட்டு வளர்க்கிறார்கள். சூல்தண்டு அப்படி ஒதுங்கி நிற்பதால் மகரந்தம் தானாகச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. பெண்கள் காலையில் பூவுக்குப் பூ போய்க் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது, வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாகிறது. எத்தனையோ குடும்பம் இதை நம்பிப் பிழைக்கிறது. வயலில் இருந்தால் பணப்பயிர், வாசல் தொட்டியில் குழந்தைக்குப் பக்கத்தில் இருந்தால் எமன்.

குழந்தை ஒருவேளை இதையோ, பெயர் தெரியாத வேறு எதையோ வாயில் போட்டுவிட்டால் என்ன செய்வது? வாய்க்குள் இருக்கும் மிச்சத்தை விரல் விட்டு வழித்து எடுங்கள். வாயைத் தண்ணீரால் துடையுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது மூச்சுக் குழலில் ஏறினால் ஆபத்து இரட்டிப்பாகும். வாந்தி பேதி வரட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கவே கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்தச் செடியில் இலையும் பூவும் காயுமாக ஒரு கிளையை, முடிந்தால் தின்ற மிச்சத்தையும், ஒரு கவரில் போட்டுக்கொண்டு போவது முக்கியம். டாக்டர் முதலில் கேட்பது "என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு?" என்பதைத்தான். கண்வலிக் கிழங்குக்கு என்று கைவசம் முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் போனால் வயிற்றில் இருப்பதை ரத்தத்தில் சேராமல் தடுக்கவும், உடம்பைத் தாங்கிப் பிடிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

எங்கள் செடியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். நாலு வாரம் பூக்களை ஆசை தீரப் பார்த்தேன். காய் பிடிக்க விடவில்லை. காய் முற்றி வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் மணி மணியாக விதை இருக்கும். எந்தக் குழந்தைக்குத்தான் அது மிட்டாயாகத் தெரியாது? வாடிய பூவை எல்லாம் உடனுக்குடன் கிள்ளிவிட்டேன். மார்கழியில் கொடி தானாகக் காய்ந்தது. அப்படிக் காய்ந்துவிட்டால் செடி செத்துவிட்டது என்று நினைப்போம். அதுதான் இல்லை. கிழங்கு மண்ணுக்குள் மாதக் கணக்கில் தூங்கும். அடுத்த மழைக்குத்தான் கண் விழிக்கும். கம்பத்தில் வீடு காலி செய்தவர்களும் காய்ந்த தொட்டிதானே என்று கொடுத்திருப்பார்கள், பாவம்.

கையில் பிளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டிக்கொண்டு தோண்டினேன். கலப்பை மாதிரி இரண்டு கை விரித்த கிழங்கு, ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு முளை. இரண்டாக உடைந்து, ஒரு துண்டு மண்ணிலேயே தங்கிவிட்டால் அதுவும் தழைக்கும். அதனால் மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலித்தேன். வீட்டில் சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இல்லாத, மாடிக்குக் கம்பிக் கதவு போட்ட ஒரு டீச்சர், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாநில மலரைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிக்கொண்டார். தொட்டியில் "செங்காந்தள் - விஷம் - தொடாதே" என்று பெயிண்டால் எழுதிக் கொடுத்தேன். அப்படி வாங்கிக்கொள்ள ஆள் இல்லையென்றால் முடிச்சுப் போட்ட பையில் குப்பை வண்டிக்குத்தான் கொடுக்க வேண்டும். எருக்குழியிலோ தெருமுனையிலோ எறிந்தால் அடுத்த ஆனியில் அங்கே முளைக்கும். ஆடு மேய்ந்தால் ஆடும் போகும்.

பழைய தொட்டியில் வருகிற விருந்தாளிகளில் கவனிக்க வேண்டியவர்கள் வேறு சிலரும் உண்டு. குச்சி ஊன்றினாலே வேர் பிடிக்கிற அரளி: குறுகலான தடித்த இலை, ஒரு கணுவுக்கு மூன்று மூன்றாக நிற்கும். மஞ்சள் அரளிக்கு இலை இன்னும் மெலிசு, ஒன்று விட்டு ஒன்று வரும், கிள்ளினால் பால் வடியும். அதன் கொட்டை படுபயங்கரம். குன்றிமணிக் கொடி புளிய இலை மாதிரி இலையோடு படரும். ஊமத்தை, பழைய மண்ணில் விதை கிடந்து திடீரென்று எழும். வீட்டுக்குள்ளே அழகுக்கு வைக்கிற டிஃபன்பேச்சியா, பச்சையில் வெள்ளைத் தெளிப்புப் போட்ட பெரிய இலை, கடித்தால் நாக்கும் வாயும் எரிந்து வீங்கிப் பேச்சு வராது. இவற்றைப் பூக்கும் முன்பே பார்த்த மாத்திரத்தில் சொல்லப் பழகிக்கொண்டால் நல்லது.

எத்தனை பார்த்தும் தெரியவில்லையா? இலை, பூ, முடிந்தால் காய் எல்லாம் உள்ள ஒரு கிளையை வெட்டி, பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் விரித்து வைத்து, மேலே கனமான புத்தகம் நாலு அடுக்குங்கள். தினம் தாளை மாற்றினால் ஒரு வாரத்தில் அப்பளமாகக் காய்ந்துவிடும். எங்கே, எந்த மாதத்தில் கிடைத்தது, பூவின் நிறம் என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். காய்ந்தால் நிறம் போய்விடும். பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறவர்களிடம் காட்டலாம். எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குப் பெரியகுளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கோயம்புத்தூரில் மத்திய சர்க்காரின் தாவரவியல் ஆய்வு மையத்தில் இதே மாதிரி காய வைத்த செடி மாதிரிகள் லட்சக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். செல்போனில் பார்ப்பதென்றால் பூவோடும், இலை நுனியோடும், கணுவோடும் தனித்தனியாகப் படம் பிடியுங்கள். அது சொல்கிற பெயரை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளலாம், அதை நம்பி உலையில் மட்டும் போட வேண்டாம்.

கடைசியாகத் தொட்டி. வாங்கி வந்த அன்றே மண்ணைக் கொட்டிவிடுங்கள். கட்டியை உடைத்து, கிழங்கு, குமிழ், வேர்த்துண்டு எல்லாம் பொறுக்கிவிட்டு, சிமெண்டுத் தளத்தில் மெலிசாகப் பரப்பி நாலு நாள் நல்ல வெயிலில் காயப் போடுங்கள். சித்திரை வைகாசி வெயில் என்றால் ரொம்ப விசேஷம். பூச்சி முட்டையும் பூஞ்சையும் பெருமளவு செத்துப்போகும். மண்தொட்டியின் வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பு. தேங்காய் நாரால் தேய்த்து, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டால் போய்விடும். காய்ந்த மண்ணோடு கொஞ்சம் மக்கின சாணியும் மணலும் கலந்து நிரப்பினால் புதினாவோ கொத்தமல்லியோ ஜாம் ஜாம் என்று வரும்.